நம்ம ஆள் இருக்கிற கிளை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ரத்தம், சீழ், வாந்தி என்று மனித உடம்பு வெளியே தள்ளும் அத்தனையும் ஒட்டிக்கொண்டு வரும் விரிப்புகளை உதறிப் பிரித்து மெஷினில் போடுவது என் வேலை. ஒரு நாளும் எனக்குக் குமட்டியதில்லை. கையுறை இருக்கிறது, சோப்பு இருக்கிறது, வெந்நீர் இருக்கிறது. கழுவினால் போய்விடும். இந்த ஊரில் எனக்குக் குடலைப் புரட்டிய இடம் ஒரு பேங்க். ஏசி போட்டு, வாசனை தெளித்து, வருகிறவர்களுக்கெல்லாம் கண்ணாடிக் கிண்ணத்தில் மிட்டாய் வைத்திருக்கிற பேங்க்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது தங்க இடம் கொடுத்தவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். அவருக்கு அந்த வீட்டில் பெரியவர் என்றே பெயர். சம்பளம் போட ஒரு கணக்கு நம்பர் வேண்டும் என்று சலவைக்கூடத்திலும் கேட்டார்கள், என் வீட்டுக்காரர் பெட்டி அடுக்கும் கிடங்கிலும் கேட்டார்கள். எங்களுக்கு ஏது கணக்கு. "இப்போதைக்கு என் நம்பரைக் கொடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் பெரியவர். எவ்வளவு நல்ல மனசு என்று அன்றைக்கு எனக்குக் கண்ணே கலங்கியது. அந்த அப்புறம் மூன்று வருஷமாகியும் வரவில்லை. இரண்டு பேர் சம்பளமும் அவர் கணக்கில் போய் விழும், அவர் எங்களுக்குக் கைச்செலவுக்குக் கொடுப்பார். செருப்பு அறுந்தால் நான் என் ஓரகத்தியிடம் சொல்ல வேண்டும், அவள் அவரிடம் சொல்ல வேண்டும். ஒரு தடவை என் அறுந்த செருப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒட்டினா இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்றார். வைத்தியர் மாதிரி.

செருப்பு போகட்டும். எங்கள் மகளுக்குப் பதின்மூன்று வயது. கூடத்து சோபாதான் அவள் படுக்கை. பெரியவர் டிவி பார்த்து முடித்து எழுந்த பிறகுதான் அவள் கால் நீட்ட முடியும். அவர் உட்கார்ந்த சூடு ஆறுவதற்கு முன் அதே இடத்தில் தலை வைத்துப் படுப்பாள். துணி மாற்றக் குளியலறைக்குள் போனால் யாராவது ஒருவர் தட்டிக்கொண்டே இருப்பார். அந்தப் பிள்ளைக்கு ஒரு கதவு வேண்டும், உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த கதவு. எனக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது.

சலவைக்கூடத்துக்குப் பின்தெருவில் ஒரு மாடி வீடு ஐந்தாறு மாதத்தில் காலியாகப் போவதாக எங்கள் சூப்பர்வைசரம்மா சொன்னாள். இந்த நாட்டுக்காரி, எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகப் பேசுவாள். அவளே என்னை அழைத்துப் போய்க் காட்டினாள். இரண்டே அறை. இரண்டுக்கும் கதவு. வீட்டுக்குச் சொந்தக்காரி ஒரு ஓய்வுபெற்ற டீச்சர். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: என் பெயரில் உள்ள கணக்கில் மூன்று மாதம் சம்பளம் வந்ததைக் காட்ட வேண்டும். காட்டினால் சாவி. யார் கணக்கிலோ விழுகிற சம்பளத்தை அவள் சம்பளமாகவே மதிக்கவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது, நானும் மதிக்கவில்லை.

வீட்டுச் சுவருக்குக் காது உண்டு என்பதால், என் வீட்டுக்காரரிடம் பஸ் நிறுத்தத்தில் வைத்துத்தான் பேசினேன். இவருக்கும் சந்தோஷம். "நீ போய் முதல்ல திற. உன்மேல யாருக்கும் சந்தேகம் வராது. அப்புறம் என் பேரையும் சேத்துக்கலாம், என் சம்பளத்தையும் அதுலயே போடச் சொல்லிடறேன்" என்றார். "அண்ணன்கிட்ட சாவி வாங்கின பிறகு சொல்லிக்கலாம். நான் சொல்லிக்கிறேன்." இந்தக் கடைசி வார்த்தையை நம்பினேன்.

எந்த பேங்க் நல்லது என்று நம்ம ஜனங்களிடம் ஜாடையாக விசாரித்தேன். மாதக் கட்டணம் எவ்வளவு, கார்டு எப்போது வரும் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. எல்லோரும் ஒரே இடத்தைத்தான் சொன்னார்கள். "அங்க நம்ம ஆள் இருக்கான்" என்றார்கள். அவ்வளவுதான் தகுதி.

எனக்கு ரோஷம். யார் தயவும் வேண்டாம் என்று வேறொரு பேங்குக்குள் முதலில் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவளுக்கு ஜலதோஷம். மூக்கைச் சிந்திச் சிந்தி, சிந்திய காகிதத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு பேசினாள். என் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள், ஏதோ கேட்டாள், திரும்பவும் அதையே கேட்டாள். நான் இன்ன விலாசத்தில் குடியிருக்கிறேன் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். கரண்ட் பில்லிலிருந்து குப்பைத்தொட்டி வரை எல்லாம் பெரியவர் பெயரில் இருக்கிற வீட்டில் எனக்கு ஏது அத்தாட்சி. அவள் மேலும் என்னவோ சொன்னாள், பாதி எனக்குப் புரியவில்லை. அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. மனுஷியா மரக்கட்டையா என்று மனதுக்குள் வைதுகொண்டே வெளியே வந்தேன். வந்த வேகத்தில் நேரே நம்ம ஆள் இருக்கிற கிளைக்குப் போனேன்.

அவனைப் பேங்க் தம்பி என்று எல்லோரும் சொல்வார்கள். மற்ற மேஜைகள் காலியாகக் கிடக்க, அவன் மேஜைக்கு முன்னால் மட்டும் வரிசை. என் முறை வந்ததும் எழுந்து நின்று, "வாங்கக்கா, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றான். வேலை செய்யும் இடத்தில் நாள் முழுக்க ஊமையாக இருந்துவிட்டு, யாராவது அக்கா என்று கூப்பிட்டால் என்ன ஆகும் தெரியுமா. வாய் தானாகத் திறந்துகொள்ளும். அத்தாட்சி இல்லை என்றேன். "பெரியவர் வீடுதானேக்கா, எனக்குத் தெரியாதா" என்றான். ஒவ்வொரு காகிதத்தையும் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினான். என் பாஸ்போர்ட்டையும் அப்படித்தான். நம்ம ஆள் எச்சில்தானே என்று பேசாமல் இருந்தேன். எதற்குத் தனிக் கணக்கு என்று கேட்டான். ஓட்டை வாய் யாரை விட்டது. மாடி வீடு, இரண்டு கதவு, மகள், மூன்று மாதச் சம்பளம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ரொம்ப நல்ல விஷயம்க்கா" என்று சொல்லிக் கணக்கைத் திறந்து கொடுத்தான். மிட்டாய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, "பாப்பாவுக்கு எடுத்துக்கோங்க" என்றான். இரண்டு எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். பெரியவர் சாப்பிட்டு முடித்ததும் கார் சாவியால் காது குடைவார். குடைந்து, சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதை மேஜைத் துணியில் துடைப்பார். அதை முடித்துவிட்டு, "மாடி வீடாமே?" என்றார் என்னிடம். "வெளிச்சமெல்லாம் நல்லா வருமா?"

என் கையில் இருந்த சோறு தட்டில் விழுந்தது.

"தம்பி போன் பண்ணினான். நல்ல பையன். அந்த வேலைக்கு அவனைச் சிபாரிசு பண்ணினதே நான்தான்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது. "ஏம்மா, அக்கவுண்ட் வேணும்னா என்கிட்ட கேட்டா நானே திறந்து கொடுத்திருக்க மாட்டேனா? பொம்பளை தனியா பேங்குக்குப் போய் நின்னா பார்க்கிறவங்க என்னைத்தானே கேப்பாங்க. பரவாயில்ல. நாளைக்குப் போய் என் பேரையும் அதுல சேத்துடு. ஒரு பாதுகாப்புக்குத்தான்."

ஓரகத்தி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் இவரைப் பார்த்தேன். சொல்லிக்கொள்கிறேன் என்று சொன்னவர் இவர்தான். சொல்ல வேண்டிய நேரமும் இதுதான்.

பெரியவர் கேட்டார்: "உனக்குத் தெரியுமாடா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா" என்றார் என் வீட்டுக்காரர். "இவ என்கிட்ட எதுவும் சொல்லல. வீடெல்லாம் பார்த்தாளாமா?" என்று என்னையே ஆச்சரியமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லித் தட்டை என்னிடமே நீட்டினார்.

நான் போட்டேன். போடாமல் என்ன செய்வது. ஆனால் அவர் உருண்டை பிடித்து வாயில் போட்டு மெல்லுவதையும், தொண்டை ஏறி இறங்குவதையும் பார்க்க எனக்குக் கூசியது. பதினைந்து வருஷமாகப் பக்கத்தில் படுத்த மனிதன். அன்றைக்குத்தான் அவர் சாப்பிடுவதை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் இருந்தது. பெரியவர்மேல் வந்த கோபம்கூட அந்தத் தட்டு நீண்டதும் எங்கோ போய்விட்டது.

என் வீட்டுக்காரர் பிறகு என் காதருகே வந்து, "அந்த நேரத்துல வேற என்ன சொல்லச் சொல்ற? உனக்கு அண்ணனைத் தெரியாதா?" என்றார். கையுறை போடாமல் தொடக் கூடாத பேச்சு அது.

மறுநாள் பேங்க் தம்பியிடம் போனேன். என்னைப் பார்த்ததும் வரிசையில் நின்றவர்களைத் தாண்டி முன்னால் கூப்பிட்டான். "பெரியவர் பேசிட்டாருக்கா. எல்லாம் ரெடியா எடுத்து வச்சிருக்கேன். நீங்க இங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்" என்று விரலை நாக்கில் தொட்டுக் காகிதத்தைப் பிரித்தான். நேற்றைக்கு நம்ம ஆள் எச்சிலாக இருந்தது, இன்றைக்கு வெறும் எச்சில்.

"கணக்கை மூடு தம்பி."

"ஏன்க்கா கோவப்படறீங்க? நம்ம குடும்பம் மாதிரி. அவர் சந்தோஷப்படுவார்னு நினைச்சுத்தான் சொன்னேன். நம்ம ஆளுங்க நமக்குள்ள மறைக்கலாமா?"

"பல் டாக்டர்கிட்ட போனா, என் வாயைப் பிளந்து தெருவுக்கே காட்டுவாரா?" என்றேன். "மூடு."

என் குரல் கொஞ்சம் பெரிய குரல். வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். அவர்களுடைய கதையெல்லாம் எந்தெந்தச் சாப்பாட்டு மேஜைக்குப் போய்ச் சேர்ந்ததோ. ஒருவர்கூட வரிசையை விட்டு நகரவில்லை. எனக்கு அவர்கள்மேலும் அருவருப்பாக இருந்தது, இரண்டு மிட்டாய் எடுத்துக்கொண்டு போன என்மேலும் இருந்தது.

சூப்பர்வைசரம்மாவிடம் சொன்னேன். எல்லாம் சொல்லவில்லை, குடியிருப்புக்கு அத்தாட்சி வேண்டும் என்று மட்டும் சொன்னேன். வாய்க்குப் பூட்டுப் போடக் கற்றுக்கொண்டேன். நான் இங்கே வேலை பார்க்கிறேன், இன்ன விலாசத்தில் இருக்கிறேன் என்று சலவைக்கூடத்து முத்திரை போட்டு ஒரு காகிதம் கொடுத்தாள். அந்த மூக்குச் சிந்துகிறவள் அன்றைக்குக் கேட்டதும் இதைத்தானாம். அவள் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள், நான்தான் அவள் சிரிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த முதல் பேங்குக்குத் திரும்பப் போன அன்று, இவர் சவரம் செய்து சட்டை மாற்றிக்கொண்டு, "நானும் கூட வரேன்" என்று கிளம்பினார். அன்றைக்கு மட்டும் லீவு கிடைத்திருந்தது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மாடி வீட்டுக்கு என்ன கலர் திரைச்சீலை போடலாம் என்று பேசிக்கொண்டே வந்தார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

அவளுக்கு ஜலதோஷம் இன்னும் விடவில்லை. என் முகமே அவளுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லி மாளாது. காகிதத்தைப் படித்தாள், முத்திரையைப் பார்த்தாள், தட்டச்சு செய்தாள். எதற்குக் கணக்கு என்று கேட்கவில்லை. யார் வீட்டு மருமகள் என்று கேட்கவில்லை. கடைசியில் எங்கள் இருவரையும் பார்த்து ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் இரண்டு விரலைக் காட்டி எங்கள் இரண்டு பேரையும் சுட்டினாள். பிறகு ஒரு விரலைக் காட்டி என்னைச் சுட்டினாள்.

இவர் அதற்குள் சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைக்கப் போனார்.

நான் ஒரு விரலைக் காட்டினேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுத் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டாள். இவருடைய கை பாஸ்போர்ட்டோடு அந்தரத்தில் நின்றது. திரும்பவும் பைக்குள் வைக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். இவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அந்த டீச்சரம்மா கிட்ட எப்பப் பேசப் போற?" என்றார்.

"சாயங்காலமே. மூணு மாசத்துல சம்பளம் வந்ததைக் காட்டறேன்னு சொல்லணும். எத்தனை பேர் வர்றீங்கன்னு கேப்பாங்க" என்றேன். "நானும் பாப்பாவும் வர்றோம். மூணாவது ஆள் உண்டா இல்லையான்னு, நீங்க உங்க அண்ணன்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்லுங்க."