கதவுக்கு வெளியில் நின்றவள்

மூக்குக் கண்ணாடிக் கடையில், பிரேமுக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. வயது நாற்பத்தொன்று. அன்று மதியம் அக்கா போன் செய்தபோதே விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு மாதமாக அதே பாட்டுத்தான்.

"அப்பா படுத்த படுக்கையா இருக்காரு. உன்னையேதான் கேக்கறாரு. மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்டி."

"எனக்குத் தெம்பில்லக்கா."

அதைச் சொல்லும்போது கோபம்கூட வரவில்லை. மனநல ஆலோசகர், மாத்திரை என்று பத்து வருடம் அலைந்த பிறகுதான், அப்பாவின் பெல்ட் சத்தம் காதுக்குள் கேட்காமல் அவளால் தூங்க முடிகிறது. வீட்டிலோ, "அப்பா கொஞ்சம் கோபக்காரர்" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார்கள்.

அக்கா இந்த முறை வற்புறுத்தவில்லை. "அவரு உன்னை அடிக்கறப்பல்லாம் நான் கதவுக்கு வெளியிலதான் நின்னேன். எல்லாம் கேட்டுச்சு. திறக்கல," என்றாள்.

தங்கை கையிலிருந்த லென்ஸை மேசையில் வைத்தாள். அப்படி நடந்தது உண்மைதான் என்று வீட்டில் ஒருவர் சொல்ல முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

"உனக்கும் அப்போ பன்னெண்டு வயசுதானேக்கா."

அப்பாவைப் பார்க்க அவள் கடைசிவரை போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காதான் அவள் வீட்டுக்கு வந்தாள். இருவரும் சாப்பிட்டுவிட்டு ஒரே கட்டிலில் படுத்து, சாயங்காலம்வரை அயர்ந்து தூங்கினார்கள்.