குப்பைத் தொட்டியில் பதினான்கு கொம்புகள்

மூன்று வாரக் கணக்கைப் பன்னிரண்டு நிமிடக் கணக்கு பொய்யாக்கிவிட்டது. ஸோலேகா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். மறுபடி பார்க்க ஒன்றுமில்லை; இரண்டு தடவை பார்த்தாயிற்று.

ரேடியோ தொலைநோக்கிக்கான ஆன்டெனாக் கொம்பு, வானத்து அலையை வாங்கும் உலோகப் புனல். இருபத்துநான்கு அளவுகள். எது பிசகினால் அலை கெடும் என்று சொல்லத்தான் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷில் அவளுக்குச் சம்பளம். ஒவ்வொரு அளவையும் மயிரிழை நீட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒன்பது மணி நேரம் கணினியை ஓட்டினாள். நடுவில் கரன்ட் போய் முதலிலிருந்து தொடங்கியதும் உண்டு. அளவு மாறும்போதெல்லாம் கணினி உருவத்தைப் புதிதாகத் துண்டு போடும். துண்டு மாறினாலே விடை கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டத்தை, கொம்பின் உட்சுவரில் எதிரெதிரே நிற்கும் உலோக வரம்புகளின் நீளக் குற்றமாக எடுத்துக்கொண்டாள். வரம்பின் நீளம் துளியும் பிசகக் கூடாதென்று பட்டறைக்கு எழுதிக் கொடுத்தாள்.

இன்று துண்டுகளைத் தொடாமல், முதல் விடையிலிருந்து அளவுகளை நோக்கிப் பின்பக்கமாக ஒரே ஒரு கணக்கு, பன்னிரண்டு நிமிடம். இருபத்துநான்குக்கும் சேர்த்து விடை வந்தது. நீளம் ஒன்றும் செய்யாது. வரம்புகளின் நடுவே உள்ள இடைவெளிதான் எல்லாம்.

வெள்ளிக்கிழமை முப்பது கொம்புகள் லாரியேற வேண்டும். இன்று புதன்.

பட்டறையில் கொம்புகளைக் கடையும் வுயிசிலே மெஷினில் குனிந்திருந்தார். போன இரண்டு ஞாயிறும் வேலை. ஊரில் அக்கா மகன் ஆளாகும் சுன்னத்து விருந்து, தாய்மாமன் இல்லாமலே நடந்து முடிந்தது.

"அண்ணே, நான் குடுத்த அளவு தப்பு. நீளம் முக்கியமில்ல, இடைவெளிதான்."

அவர் மெஷினை நிறுத்தினார். "அப்ப நீளம் பிசகுதுன்னு தொட்டியில போட்ட பதினாலு?"

"நல்லதா இருக்கலாம்."

"நல்லதுன்னு அடுக்கி வச்ச இருபத்தொண்ணு?"

அவள் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து வரம்புகளின் இடைவெளியைப் பார்த்தாள்.

"இந்தக் கணக்க முன்னாடியே போட்டிருக்க முடியாதா, டாக்டரம்மா?"

"முடிஞ்சிருக்கும். விடை அவ்வளவு சீக்கிரம் வந்தா சரியா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்," என்றார் அவர். அதில் கோபம்கூட இல்லை.

இருவரும் தரையில் உட்கார்ந்து முப்பத்தைந்திலும் இடைவெளியை அளந்தார்கள். தொட்டியிலிருந்து பன்னிரண்டு தேறின, அடுக்கிலிருந்து பதினேழு. ஒன்று குறைந்தது.

வுயிசிலே முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, புது உலோகக் கட்டியை மெஷினில் பூட்டினார். நீளம் எவ்வளவு என்று கேட்டார்.

"கண்ணளவு போதும்ணே."

சரி என்றார். ஆனாலும் நீளத்தை மூன்று தடவை அளந்தார். அவள் தடுக்கவில்லை.