பத்து நிமிடத்தில் நான்கு

என் கணவருக்குக் கட்டம் போட்டு ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் வாங்கத் தெரியாது. செருப்பு வாங்குவதென்றாலும் கட்டம்தான். அலுமினியத்தையும் பற்றவைக்கிற டிக் வெல்டிங் மெஷின் ஒன்று வாங்கலாமா என்று நான் வாயைத் திறந்த அன்று மாலையே, தன் பைண்டிங் கடையிலிருந்து புது நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, ஸ்கேல் வைத்துக் கோடு இழுக்க உட்கார்ந்துவிட்டார். வெல்டிங் செய்யப் போவது நான். அவர் ஜென்மத்தில் ஒரு வெல்டிங் டார்ச்சைக் கையில் பிடித்தவரில்லை.

நான் வேலை பார்ப்பது பல் செட் செய்யும் லேபில். பகலெல்லாம் யார் வாயிலோ உட்காரப் போகிற உலோகத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். சாயங்காலமானால் வீட்டின் பின்பக்கக் கொட்டகை. அங்கே பழைய குச்சி வெல்டிங் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக இரும்பில் நான் செய்து கிழித்தது இரண்டு ஷெல்ஃப், ஒரு செருப்பு ஸ்டாண்டு, ஒரு முக்காலி. முக்காலியின் எடை எட்டுக் கிலோ.

"திருடன் வந்தா எல்லாத்தையும் தூக்குவான், இதைத் தொடக்கூட மாட்டான்" என்பார் அவர், அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு. வெளிச்சம் கண்ணில் படாமல் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, நான் பற்றவைக்கிற நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருப்பார். கடையில் வந்த கிழிந்த அகராதி, பணம் கொடுக்காமல் இழுத்தடிக்கும் வக்கீல், பக்கத்து வீட்டுப் பூனை, எதுவும் மிச்சமிருக்காது. வீட்டுக்குள் எங்களுக்கு அவ்வளவு பேச்சு கிடையாது. சண்டையும் கிடையாது. பேச்செல்லாம் கொட்டகையில் என்று எப்படியோ ஆகிவிட்டது.

கட்டத்தில் முதலில் ஏழு மெஷின்கள் இருந்தன. பெயர்கள் வாயில் நுழையாததால் நிறத்தைச் சொல்லியே கூப்பிட்டோம்.

"நீலம் பாதி விலைதான். பெட்டி மேல அலுமினியம்னு போட்டிருக்கானே?" என்றார்.

"போட்டிருப்பான். உள்ள டிசி மட்டும்தான் இருக்கு."

"இருந்தா என்ன?"

சொன்னேன். இரும்புக்கு ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரம் போதும். அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் இருக்கும். அடியிலிருக்கும் உலோகம் உருகி ஓடின பிறகும் அந்தத் தோல் உருகாமல் கிடக்கும். திசை மாறி மாறி ஓடும் ஏசி இருந்தால்தான் அதைக் கிழிக்க முடியும். அத்தோடு, டார்ச்சின் முனையிலுள்ள ஊசி உலோகத்தைத் தொடாமலே பொறி தாவ வேண்டும். அதற்கு மெஷினுக்குள் ஒரு தனி ஏற்பாடு உண்டு. இந்த இரண்டும் இல்லாததை அலுமினியத்துக்கு என்று விற்கிறவன் வாய் கூசாமல் புளுகுகிறான்.

"அப்ப நீலத்துக்கு இந்தக் கட்டத்துல சைபர்" என்று பென்சிலால் போட்டார்.

கடைசியில் சிவப்பும் பச்சையும் மிஞ்சின. சிவப்பின் விலையைக் கேட்டாலே தலை சுற்றியது. பச்சை எங்கள் கைக்கு எட்டியது. ஏசி, டிசி இரண்டும் உண்டு, மிதித்தால் பொறி கிளம்புகிற கால் பெடலும் கூடவே வருகிறது. ஒரே குறை, அதற்கு மூச்சு வாங்கும். முழு வேகத்தில் ஓட்டினால் பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம்தான் உழைக்கும். பிறகு மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு, விசிறியைச் சுழல விட்டுக்கொண்டு, மீதி ஆறு நிமிடம் சும்மா நிற்கும். மெல்லிய இரும்புக்கு இது பிரச்சினையில்லை. அலுமினியத்துக்கு வேகத்தை ஏறக்குறைய முழுதாகத் திருப்ப வேண்டியிருக்கும்.

"நாலு நிமிஷம் வேலை, ஆறு நிமிஷம் ஓய்வா? இவன் எந்த ஆபீஸ்ல இருந்து வந்தான்?" என்று கேட்டுவிட்டு அந்தக் கட்டத்தில் பத்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டார்.

இந்த ஆராய்ச்சி எட்டாவது மாதத்தைத் தொட்டபோது ஒரு நாள் கடையில், பேப்பர் வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில், மயங்கி விழுந்தார். இதயத் துடிப்பு நடுநடுவே நின்றுவிட்டு வருகிறது என்றார்கள். மூன்றாம் நாள் இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஒரு பேஸ்மேக்கரை வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பிய அன்று நான் பில் கட்டும் வரிசையில் நின்றேன். டாக்டரிடம் பேசியது அவர்தான்.

"என்ன சொன்னாரு?"

"செல்போனை வலது பாக்கெட்ல வைக்கணும். காந்தம் கிட்ட போகக் கூடாது. இடது கையால கொஞ்ச நாளைக்குக் கனம் தூக்கக் கூடாது. அவ்ளோதான்."

வெல்டிங் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கத்தான் நினைத்தேன். பதில் என்னவாக இருக்குமோ என்று பயந்து விட்டுவிட்டேன். அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் கொட்டகை ஒன்றரை மாதம் பூட்டியே கிடந்தது.

பச்சையை வாங்கச் சொல்லி அவசரப்படுத்தியவர் அவர்தான். எட்டு மாதம் கோடு இழுத்த மனிதர் எட்டே நாளில் முடித்துவிட்டார். "அந்த முக்காலியை இனிமே என்னால நகர்த்த முடியாது. அலுமினியத்துல ஒண்ணு செஞ்சு குடு, ஒத்தக் கையால தூக்கற மாதிரி." மெஷின் வந்தது. புத்தகம் என்று வீட்டுக்குள் எது வந்தாலும் முதலில் அவர் கைக்குத்தான் போகும். மெஷினோடு வந்த கையேட்டையும் எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அதோடு அவர் கொட்டகைப் பக்கம் வருவது நின்றது.

முதல் நாள் முட்டி வலி என்றார். மறுநாள் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மூன்றாம் நாள் சத்தத்தில் தலை வலிக்கிறதாம். நான் அப்போது இரும்பில்தான் பழகிக்கொண்டிருந்தேன், டிசியில் டிக் ஓடினால் கொசு பறக்கிற சத்தம்கூட வராது. சொன்னேன்.

"மெஷின் வாங்கிக் குடுத்தாச்சு. இனி உன் பாடு" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததில் மனுஷன் மாறிவிட்டாரோ, என்னோடு உட்கார்ந்து பேசுவதே அலுத்துவிட்டதோ என்று பயந்தேன். அலுமினியத்தில் என் முதல் நல்ல வெல்டிங் தையல் விழுந்தது ஒன்பதாம் நாள். காசுகளைச் சாய்த்து அடுக்கியதுபோல அத்தனை ஒழுங்காக வந்திருந்தது. முகமூடியைத் தூக்கிவிட்டு, "இங்க பாருங்க" என்று திரும்பினேன். எட்டுக் கிலோ முக்காலி காலியாக இருந்தது. அன்றைக்கு அதற்குமேல் வேலை ஓடவில்லை.

பன்னிரண்டாம் நாள் மஞ்சள் விளக்கு எரிந்தது. கால் மணி நேரம் ஆகியும் அணையவில்லை. கையேட்டில் கோளாறுகளின் பட்டியல் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது. மெஷினைச் சுவரோடு ஒட்டி வைக்காதே, காற்று போக இடம் விடு என்று போட்டிருந்தது. இழுத்து வைத்தேன். விளக்கு அணைந்தது. கையேட்டை மூடப் போனவள் மூடாமல் நின்றேன்.

அந்தக் கையேடு மட்டரகம். எழுத்துகள் கோணல், படங்களில் மை வழிந்திருந்தது, நடுவில் இரண்டு பின் அடித்து மடித்திருந்தார்கள். ஆனால் நாற்பத்து மூன்றாம் பக்கத்துத் தாள் மட்டும் மெல்லிய காகிதப் பட்டை ஒன்றின் மேல், நூல் பிடித்த மாதிரி நேராகப் பசை தடவி ஒட்டப்பட்டிருந்தது. பின் அடித்த புத்தகத்தில் முன்னால் ஒரு தாளை எடுத்தால் பின்னால் அதன் ஜோடித் தாள் கழன்று வந்துவிடும். பைண்டரோடு இருபத்தாறு வருஷம் வாழ்ந்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? முன்பக்கம் புரட்டினேன். நான்குக்குப் பிறகு ஏழு. பொருளடக்கத்தை வெட்ட அவர் மறந்திருந்தார். பக்கம் ஐந்து: உடலுக்குள் மின்கருவி பொருத்தியவர்களுக்கு எச்சரிக்கை.

ஒரு துண்டுக் காகிதத்தைக் குப்பையில் போட மனசு வராதவர் அவர். அலமாரியில் அவருடைய ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தேன். இசிஜி தாள்களுக்கு நடுவில் அந்தத் தாளும் ஒழுங்காகக் கோத்து வைக்கப்பட்டிருந்தது. எந்த வெல்டிங் நடந்தாலும் பேஸ்மேக்கர் வைத்தவர் அருகில் இருக்கக் கூடாது, பொறி தாவுகிற மெஷினென்றால் இன்னும் மோசம், பேஸ்மேக்கர் இதயத்துக்குக் கொடுக்கும் துடிப்பின் கணக்கையே குழப்பிவிடும் என்று இருந்தது.

கையேட்டைக் கொண்டுபோய் டிவிக்கு முன்னால் நீட்டினேன்.

"எழுத்தையே கோணலா அடிச்ச கம்பெனிக்காரன், நாப்பத்தி மூணாம் பக்கத்தை மட்டும் இவ்வளவு நேரா ஒட்டுவானா?"

முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். அவர் கையேட்டை வாங்கி, ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"பசை ஒரு பொட்டு அதிகமாயிடுச்சு."

"ஏங்க, நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன சொல்றீங்க?"

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? ஒரு வார்த்தை பேசாம பழைய மெஷினையும் வித்துட்டுக் கொட்டகையைப் பூட்டியிருப்ப. நீ அப்படிப் பேசாம இருக்கறதை நான் காலம் முழுக்கக் கேட்டுக்கிட்டு இருக்கணும்."

அது பொய்யில்லை. அப்படித்தான் செய்திருப்பேன்.

"அதுக்காக என்கிட்ட பொய் சொல்லிட்டு இங்க வந்து உக்காந்துப்பீங்களா?"

"நான் இல்லேன்னா உனக்கு வேலை நல்லா ஓடும்னு நெனச்சேன். எப்பப் பாத்தாலும் பேசிப் பேசிக் கெடுக்கறேன்னு நீதானே சொல்லுவ?"

"ஓடல" என்றேன். அவர் டிவியை அணைத்தார்.

மறுநாள் அவரை இழுத்துக்கொண்டு பேஸ்மேக்கர் பரிசோதிக்கிற இடத்துக்குப் போனேன். இந்த முறை கேட்டது நான். அங்கிருந்த டெக்னீஷியன் அம்மாள் மெஷினின் விவரம், கொட்டகைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு உள்ளே போய் டாக்டரிடமும் கேட்டுவிட்டு வந்தாள். "வெல்டிங் நடக்கும்போது சார் கொட்டகைப் பக்கமே வரக் கூடாது. முற்றத்தைத் தாண்டி சமையலறையிலேயே இருக்கட்டும். வெல்டிங் நின்னு, பெடலையும் கழட்டிட்டா, அப்புறம் அது வெறும் விசிறி ஓடற பெட்டி. அப்ப வந்து உக்காரலாம்."

முக்காலியை அடுத்த வாரம் முடித்தேன். எடை ஒன்றரைக் கிலோ. இப்போது எங்கள் மாலை இப்படிப் போகிறது. நான்கு நிமிடம் நான் வெல்டிங் செய்கிறேன். அவர் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார். மஞ்சள் விளக்கு எரிந்ததும் பெடலின் ஒயரை உருவி, பெடலைக் கொட்டகை வாசலில் இருக்கும் கொக்கியில் மாட்டுகிறேன். சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்ததும் வலது கையில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைத் தாண்டி வருகிறார். பெடலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வக்கீல் கதையை ஆரம்பிக்கிறார். இப்போது சுவரைப் பார்க்க வேண்டியதில்லை. என்னைப் பார்த்துப் பேசுகிறார்.

நேற்று நான் அவரிடம் சொன்னேன்: "கடைக்காரர் போன் பண்ணாரு. சிவப்பு விலை குறைஞ்சிருக்காம். பச்சையைக் குடுத்துட்டு கொஞ்சம் மேல போட்டா மாத்திக்கலாமாம்."

"சிவப்பு எத்தனை நிமிஷம் ஓய்வெடுக்கும்?"

"எடுக்கவே எடுக்காதாம். நாள் பூரா ஓடுமாம்."

அவர் மடியிலிருந்த பெடலை ஒருமுறை துடைத்தார்.

"அப்ப அதை வாங்கி நாம என்ன பண்றது?"

மஞ்சள் விளக்கு அணைந்தது. பெடலை என் கையில் கொடுத்துவிட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். சமையலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை காத்திருந்தேன்.