கருடா நகர் ஆந்தை

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அதற்குள் அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டும் என்று தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் வேன் ஏறும்போதே ஸ்ரீநிவாசராகவன் முடிவு செய்திருந்தார். மனை பார்க்கப் போகிறவர்களுக்கு வேன் இலவசம். புளியோதரைப் பொட்டலமும் இலவசம். அவர் இரண்டு வாங்கிக்கொண்டார்.

படப்பை தாண்டி ஏரியை ஒட்டிக் கருடா நகர். வீடு ஒன்றுகூட எழும்பவில்லை. பெயர்ப் பலகை மட்டும் எழும்பியிருந்தது. அதில் சிறகு விரித்த கருடன். ஸ்ரீநிவாசராகவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருக்கு வடகிழக்கு மூலை மனை. வாடகை வீட்டிலேயே தலை நரைத்துப் போனவருக்கு வேறென்ன வேண்டும்?

பக்கத்து மனையைப் பார்க்க அஸ்தினாபுரத்திலிருந்து ஷம்சாத் என்ற பள்ளி ஆசிரியை வந்திருந்தாள். பின்னால் இருந்த செம்மண் மேட்டை எட்டிப் பார்த்தவள் சந்தோஷம் தாங்காமல் கூவினாள்.

"சார், இங்க வாங்களேன்! பொந்துல ஆந்தை. குஞ்சுங்ககூட இருக்கு!"

அவள் செய்த தவறு அது ஒன்றுதான்.

"ஆந்தையா?" ஸ்ரீநிவாசராகவன் பின்வாங்கினார். "கிரகப்பிரவேசம் பண்ணப்போற எடத்துலயா? என்னய்யா தோத்தாத்ரி இது, அபசகுனமா?"

மனை விற்கும் தோத்தாத்ரி ஓடி வந்தார். "ஆந்தை இல்ல சார். கருடக் குஞ்சு. சின்னதுல இப்படித்தான் இருக்கும்."

பொந்துக்குள்ளிருந்து வட்டக் கண்கள் இரண்டு அவரைப் பார்த்தன. அந்தப் பொய்யை அவராலேயே தொடர முடியவில்லை.

"அரை மணி நேரம் குடுங்க சார். அந்த மேடே இருக்காது."

"குஞ்சுங்க இன்னும் பறக்கலைங்க" என்றாள் ஷம்சாத். "பிளான்ல பார்க்னு போட்டிருக்கீங்களே, இந்த மேட்ட அதுக்கு விட்டுடலாமே?"

"பார்க்கா? அது போன மாசமே வித்துப்போச்சு மேடம்."

பொக்லைன் ஓட்டும் குப்புராஜ் மேட்டருகே வந்து வண்டியை நிறுத்தினான். "இன்னா சார், உள்ள குஞ்சு கீதுன்றாங்க?"

"நீ என்ன அதுக்குத் தாய்மாமனா? இடிடா" என்றார் தோத்தாத்ரி.

ஸ்ரீநிவாசராகவன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "முடிஞ்சதும் சொல்லுங்கோ. பாத்தா பாவம் ஒட்டிக்கும்."

பாவம் ஒட்டாமல் இருக்க இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தார். மேடு சரியும் சத்தத்தில் கொஞ்சம் புளியோதரை சிந்தியது. அதற்கு மட்டும் வருத்தப்பட்டார்.

புழுதியிலிருந்து பெரிய ஆந்தை மட்டும் கிளம்பியது. வெயிலில் இரண்டு முறை சுற்றியது. மேட்டைத் தேடியது. பிறகு ஸ்ரீநிவாசராகவனின் மூலைக்கல்லில் வந்து உட்கார்ந்தது. பகலெல்லாம் பொந்துக்குள் அடங்கிக் கிடந்து, யார் வழிக்கும் வராதிருந்த பறவை. இப்போது வேனில் வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அவர் கல்லெடுத்து எறிந்தார். அது எழும்பிப் போய் அதே மூலைக்கல்லுக்குத் திரும்பியது.

"விரட்டுங்கய்யா அதை! என் மனையில உக்காந்துண்டிருக்கு!"

ஷம்சாத் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அதோட எடத்துல நீங்க உக்காந்திருக்கீங்க சார். அந்த ஒரு மேட்ட விட்டிருந்தா உங்க கல்லுக்கு அது ஏன் வரப்போகுது? மத்த உசுருக்கும் எடம் விட்டாத்தான் அதுக்குப் பேரு ஊரு. விரட்டுன்றீங்களே, எங்கன்னும் நீங்களே சொல்லிடுங்க. எங்க போகும் அது?"