நேரம் போட்டு எழுதிய தீர்ப்பு

படித்தவன் சொன்னதை நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ரோமுலோ என் கணவருக்குச் சித்தப்பா மகன். ஜூன் மாதம் ஒரு விதவையின் இரண்டு கறவை மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டான். பிடிபட்டதும், கிச்சுவா பழங்குடிகளான நாங்கள் எங்கள் மலையில் எப்போதும் செய்வதைத்தான் செய்தோம். ஊர்க் கூடத்தில் வைத்து விசாரித்தோம். ஞாயிறன்று சபை கூடியது. பனிபோல் குளிர்ந்த தண்ணீரை அவன் தலையில் ஊற்றி, காஞ்சொறிச் செடியால் அடித்து, புத்தி சொன்னோம். அழுதான். மாடுகளை மீட்டுக் கொடுத்தான். மத்தியானம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான்.

தீர்ப்பு நோட்டை எழுதுகிறவள் நான். முன்பெல்லாம் "தீர்ந்தது" என்று ஒரே வரிதான். தலைநகர் கீத்தோவிலிருந்து எங்கள் ஊர் நீதியை ஆராய்ச்சி செய்ய வந்த டாக்டர் எர்னான்தான் அதைக் கெடுத்தார். சட்டம், மானுடவியல், பொருளாதாரம் என்று அவரோடு வந்த கூட்டத்தில் எல்லாத் துறை ஆட்களும் உண்டு.

"தேதி, நேரம் எல்லாம் தெளிவா எழுதுங்க எர்லிந்தாம்மா. அப்பதான் அரசாங்கம் உங்க நீதியையும் மதிக்கும்" என்றார்.

எழுதினேன். 'வெள்ளி மாலை ஆறு முதல் ஞாயிறு காலை பத்து வரை ரோமுலோ கூடத்தில் வைக்கப்பட்டான்.' அவனை அடித்தது பொறுக்காமல் அவனுடைய மச்சான் போலீசுக்குப் போனதும் நோட்டைக் கேட்டு வந்தார்கள். பெருமையாக நானே எடுத்துக் கொடுத்தேன். அந்த ஒரு வரியை வைத்து, ஊர்த்தலைவரான என் கணவர் பௌஸ்தினோ மேல் ஆள்கடத்தல் வழக்குப் போட்டார்கள்.

விசாரணை நாளில் நீதிமன்ற வாசலில் டாக்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"உள்ள வந்து சொல்லுங்க டாக்டர். நீங்க சொல்லித்தானே எழுதுனேன்? சபை நடந்தப்ப நீங்களும் அங்கதானே இருந்தீங்க?"

"வர முடியாதும்மா. பல்கலைக்கழக விதி இருக்கு. ஆராய்ச்சியில பாத்தத சாட்சியா சொல்லக்கூடாது."

ஆக, அவருக்கென்று தனியாக ஒரு சட்டம். அதை யாரும் மீற முடியாதாம். எங்கள் சட்டம் மட்டும் யார் வேண்டுமானாலும் மிதித்துவிட்டுப் போகிற படிக்கட்டு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ரோமுலோ என் பக்கத்தில் வந்து நின்றான். "அழாதீங்க அண்ணி. நான் போய் சொல்றேன்."

சொன்னான். "என்னை யாரும் கடத்தல ஐயா. தப்பு பண்ணேன், ஊரு திருத்துச்சு. அண்ணன விட்ருங்க."

நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மன்னிக்க நீ யாருப்பா? இது அரசாங்கம் போட்ட வழக்கு."

நான்கு வருடம் சிறை. விலங்கு மாட்டும்போது என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெளியே டாக்டர் இன்னும் நின்றிருந்தார். குறிப்பேட்டை வேறு திறந்து வைத்திருந்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா இது முக்கியமான வழக்கு."

"ரெண்டு நீதியும் சமம்னு உங்க புத்தகத்துல எழுதியிருக்கீங்களே. ஞாயித்துக்கிழமை எங்க சபைக்கு வாங்க. உங்களயும் விசாரிக்கணும்."

அவர் சிரித்தார். "நான் உங்க ஊர்க்காரன் இல்லையேம்மா. உங்க சட்டம் என்னைக் கட்டுப்படுத்தாது. சமம்னு சொன்னது கோட்பாட்டளவுல."

"அப்படியா? அப்ப எம் புருஷனும் கோட்பாட்டளவுல விடுதலையாகி வீட்டுக்கு வந்துட்டாரு. வழிய விடுங்க, நான் போய் அவருக்குச் சூப்பு காய்ச்சணும்."