மஞ்சள் பட்ட சிபாரிசு

தொண்ணூற்றைந்தாம் வருஷம் பொங்கலுக்கு முந்தின நாள். மதுவந்தி தலைக்குக் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, அவளுடைய அமெரிக்க விண்ணப்பம் பெருமாள் படத்துக்கு முன்னால் மஞ்சள் பூசிக்கொண்டு கிடந்தது.

விண்ணப்பத்துக்கு மட்டும் பூசியிருந்தால் துடைத்துவிடலாம். அதன் மேல் வைத்திருந்த அல்போன்ஸ் சாரின் சிபாரிசுக் கடித உறைக்கும் நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம். ஃபைனான்ஸில் பி.எச்டி. செய்ய விரும்புகிறவளைப் பற்றி அவளுடைய ஆசிரியர் ரகசியமாக எழுதி, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட வேண்டும். அது அந்தப் பல்கலைக்கழகத்தின் விதி. கையெழுத்துக் கலைந்திருந்தால் மாணவி பிரித்துப் படித்துவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள்.

சார் மைப் பேனாவைத் தவிர வேறு பேனாவைத் தொடமாட்டார். மதுவந்தியின் அம்மா பத்மாசினியோ பண்டிகைக்கு வாங்கின பச்சை மஞ்சளை அப்போதுதான் இழைத்து, ஈரத்தோடு தடவியிருந்தாள். நீல மையும் மஞ்சளும் கலந்து சாரின் கையெழுத்து பச்சையாக ஓடியிருந்தது.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?"

"கல்யாணப் பத்திரிகைக்கே தடவறோம். கடல் தாண்டிப் போற காகிதத்துக்கு வேண்டாமா?"

"சாரை கெஜடட் ஆபீசர் ஆக்கிட்டே. பச்சை மைல கையெழுத்துப் போட்டிருக்கார், பாரு."

விஷயத்தை விளக்கியதும் பத்மாசினியின் முகம் சுருங்கிவிட்டது. தி.நகர் கூரியர் ஆபீஸ் அன்று சாயங்காலம் பூட்டினால் பொங்கல் கழிந்துதான் திறப்பார்கள். அதற்குள் கெடு முடிந்துவிடும். அப்புறம் அடுத்த வருஷம்தான்.

விண்ணப்பிக்கிறேன் என்று மதுவந்தி சொன்ன நாளிலிருந்து அம்மா போ என்றும் சொன்னதில்லை, போகாதே என்றும் சொன்னதில்லை. கேட்டால், அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விடுவாள். அந்த அம்மாதான் இன்றைக்கு மஞ்சள் இழைத்திருக்கிறாள். மதுவந்திக்குக் கோபத்தைத் தொடர முடியவில்லை.

"நான் வந்து சாரண்ட சொல்றேன்" என்று பத்மாசினி புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

மயிலாப்பூரிலிருந்து பெசன்ட் நகருக்கு ஆட்டோ. வழியில் மதுவந்தி ஒரு யோசனை சொன்னாள். "காபி கொட்டிடுத்துன்னு சொல்லிடலாம்மா. மஞ்சள்னா சாருக்குப் புரியாது. திட்டுவார்."

"பொய்யைச் சொல்லிண்டு போய் நல்ல வார்த்தை எழுதி வாங்கறதாடீ?"

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "காபி எங்கம்மா மஞ்சளா கீது? சாம்பார்னு சொல்லிக்க. நம்பிடுவாரு."

வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் சாரின் வீடு. அவர் மனைவி லூயிசா கதவைத் திறந்தார். சார் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், உள்ளே ஓடிப்போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். வகுப்பில் யாராவது 'நம்புகிறேன்' என்று சொன்னால் 'ஆதாரம் எங்கே' என்று கேட்கிற மனிதர். மதுவந்தி காபியா சாம்பாரா என்று தீர்மானிப்பதற்குள் பத்மாசினி பேசிவிட்டாள்.

"சார், தப்பு என்னோடது. கொழந்தை பிரிக்கலை. நல்லபடியா போய்ச் சேரணும்னு நான்தான் மஞ்சள் தடவினேன்."

சார் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ மார்க் போதாதுன்னு நினைச்சீங்களாம்மா?"

"மார்க்கை அவா பாத்துப்பா. நடுவில அவ்வளவு கடல் இருக்கே, அதை யார் பாத்துப்பா?"

சார் மேசையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். "உறையை மாத்திடலாம். உள்ளே கடிதம் நனைஞ்சிருந்தா கஷ்டம். லெட்டர்ஹெட் எல்லாம் காலேஜ்ல இருக்கு. காலேஜைப் பூட்டியாச்சு" என்றார். பிறகு மதுவந்தியிடம், "நீ பால்கனில போய் நில்லு. உள்ளே எழுதினதை நீ பாக்கக் கூடாது."

மதுவந்தி பால்கனிக்குப் போனாள். தனக்கும் அந்த விதி உண்டு என்று நினைத்து, பத்மாசினி நாற்காலியில் உட்கார்ந்து கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. பிறகு காகிதத்தைப் பிரிக்கிற சத்தம்.

"போச்சா சார்?" என்று கண்ணைத் திறக்காமலே பத்மாசினி கேட்டாள்.

"ஓரமெல்லாம் மஞ்சள் ஏறியிருக்கு. ஆனா என் கையெழுத்தைத் தொடலை. அதுக்கு மேல ஏதோ..."

லூயிசா எட்டிப் பார்த்தார். "மெழுகுங்க அது. மாதா படத்துக்கிட்ட வெச்சீங்களே, அப்ப சொட்டினது."

"காத்துல பறக்கக் கூடாதுன்னு அங்க வெச்சேன்."

"பேப்பர் வெயிட் உங்க மேசையில இருக்குது. மெழுகுவத்தி ஏத்தினதை நான் பாத்தேங்க. எங்கிட்டயேவா?"

பால்கனியில் மதுவந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சார் தொண்டையைக் கனைத்தார்.

"மெழுகு பட்ட இடத்துல மஞ்சள் ஏறாது" என்றாள் பத்மாசினி. கண் இன்னும் மூடித்தான் இருந்தது.

இருவரும் ஒரே பெண்ணுக்காக ஒருவருக்கொருவர் தெரியாமல் வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் வேண்டுதல் செய்த சேதத்தை இன்னொருவர் வேண்டுதல் தடுத்திருக்கிறது. மேலே இருப்பவருக்கு இதில் சிரிப்பு வந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சார் கடிதத்தின் அடியில், மஞ்சளைப் பற்றி ஒரு வரி சேர்த்து எழுதினார். லூயிசா அதைப் படித்துவிட்டு, "மெழுகையும் சொல்லிடுங்க" என்றார். சார் இன்னொரு வரி எழுதினார். அவை என்ன வரிகள் என்று மதுவந்திக்கு இன்றுவரை தெரியாது. புது உறையில் போட்டு ஒட்டி, லூயிசாவின் பால்பாயின்ட் பேனாவை வாங்கிக் குறுக்கே கையெழுத்திட்டார்.

கிளம்பும்போது லூயிசா ஒரு தட்டு நீட்டினார். "கிறிஸ்துமஸுக்குச் செஞ்ச கல்கல் மாமி. முட்டை போடலை."

வெளியில் தண்ணீர்கூடக் குடிக்காத பத்மாசினி ஒன்றை எடுத்து வாயில் போட்டு, "பாகு பதமா இருக்கு" என்றாள்.

ஆட்டோக்காரர் காத்திருந்தார். "சாம்பார் வேலை செஞ்சுதாம்மா?"

"வேண்டியிருக்கலைப்பா. தி.நகர் போ."

கூரியர் ஆபீஸில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. குனிந்துதான் உள்ளே போனார்கள். விண்ணப்பமும் உறையும் எடைபோடப்பட்டு, பைக்குள் விழுந்து, வண்டியில் ஏறின. வண்டி திருப்பத்தில் மறையும்வரை பத்மாசினி கைகூப்பி நின்றாள்.

பனகல் பார்க் பக்கம் நடக்கும்போது முதல்முறையாகக் கேட்டாள். "அங்க போய் அப்படி என்னடீ படிக்கப்போறே?"

"நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது, இல்லையா? அந்த பயத்துக்கு ஜனங்க என்ன விலை குடுக்கறான்னு கணக்குப் போடணும்."

"அதுக்கு எவ்வளவு நாள் ஆகும்?"

"அஞ்சு வருஷம் ஆகலாம்மா."

பத்மாசினி நடைபாதையில் கரும்புக் கட்டுகளைச் சாத்தி வைத்திருந்தவரிடம் போய் நின்றாள்.

"நீளமாப் பாத்துக் குடுப்பா" என்றாள். "இந்தப் பொங்கலுக்குக் கொழந்தை ஆத்துல இருக்கா."