மூன்றாவது கியரின் சத்தம்

ஆபித் பாஷா யாரிடமும் கெஞ்சி ஆம்பூரில் ஒருவரும் பார்த்ததில்லை. தோல் ஷெட்டில் நாலு பேரை அதட்டியே பழகிய வாய் அது. அந்த வாய்தான் பைபாஸ் ரோட்டு மெக்கானிக் கோதண்டபாணியின் முன்னால் நின்று, சரி பண்ணின வண்டியைத் திரும்பக் கெடுத்துக் கொடு என்று கெஞ்சிக்கொண்டிருந்தது.

வண்டி அவருடைய மகன் ஒவைஸுடையது. இரண்டே சீட்டு உள்ள பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், கையால் கியர் போடுகிற வண்டி. ஞாயிறானால் அதில் ஏலகிரி ஏறி இறங்காவிட்டால் ஒவைஸுக்குத் தூக்கம் வராது. நியூட்ரலில் நின்றால் வண்டி உறுமும். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் கடகடக்கும். அது தன்னிடம் பேசுகிறது, முடியவில்லை இரண்டாவதுக்கு இறக்கு என்கிறது என்பான் மகன். தகர டப்பா என்பார் அப்பா.

அந்த மகன் பைக்கில் போனபோது லாரி இடித்துத் தலையில் அடி. உயிர் தப்பியது, நினைவு திரும்பவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு கிடந்தான். பெற்ற மனம் சும்மா இருக்குமா? எழுந்து வந்து ஓட்டட்டும் என்று வண்டியைக் கோதண்டபாணியிடம் விட்டார் ஆபித் பாஷா. ஒரு சத்தம் மிஞ்சக் கூடாது என்று உத்தரவு வேறு. மெக்கானிக்கும் கியர்பாக்ஸை இறக்கி, பேரிங்கை மாற்றி, வண்டியைப் பூனை மாதிரி ஆக்கிவிட்டார்.

அதற்கப்புறம்தான் டாக்டரம்மா, பையனுக்குப் பழகின சத்தம் எதையாவது காதில் போட்டுப் பாருங்கள் என்றார். அம்மா வஜீதா தலைமாட்டில் உட்கார்ந்து ஓதினாள். தங்கை இஃப்ரா வழக்கம்போல் வம்புக்கு இழுத்துப் பார்த்தாள். ஒரு விரல் அசையவில்லை. கடைசியில் வண்டியை ஓட்டி, அந்தச் சத்தத்தை செல்போனில் பதிந்து போட்டார்கள். அதற்கும் அசைவில்லை. இஃப்ரா வெடுக்கென்று போனைப் பிடுங்கி அணைத்தாள்.

"இது அண்ணன் வண்டியே இல்லப்பா. வேற யார் வண்டியோ ஓடுது."

மகனைக் கூப்பிடத் தெரிந்த ஒரே குரலின் வாயைத் தானே கட்டிப்போட்டுவிட்டோமே என்று தவித்தார் ஆபித் பாஷா. இந்த வாரமும் இப்படியே போனால் வீட்டுக்கு அழைத்துப்போங்கள் என்று டாக்டரம்மா தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க அவருக்குத் தைரியமில்லை.

கழற்றின சாமானைப் பேப்பரில் சுற்றி டிக்கியிலேயே வைத்துவிடுவது கோதண்டபாணியின் வழக்கம். மாற்றாமலே மாற்றினேன் என்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. அந்தப் பழைய பேரிங் அங்கேயே கிடந்தது. மறுபடி கியர்பாக்ஸை இறக்கி அதை மாட்டினார். நியூட்ரலில் வண்டி உறுமியது. கிளட்ச்சை மிதித்தால் அடங்கியது, விட்டால் உறுமியது. ஆபித் பாஷாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் அவரே ஓட்டிப் பார்த்தபோது மேம்பால ஏற்றத்தில் மூன்றாவது கியரில் வண்டி வாயே திறக்கவில்லை. பக்கத்துச் சீட்டில் இருந்த இஃப்ரா உதட்டைப் பிதுக்கினாள். கோதண்டபாணி இன்ஜின் போல்ட்டைத் தளர்த்தினார், வண்டி உதறியது. சைலன்சர் பட்டையைத் தளர்த்தினார், கிணுகிணுத்தது. இல்லை, இது இல்லை என்று அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் அப்பாவின் முகம் செத்தது.

கோதண்டபாணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நான் தொட்டதெல்லாம் பழையபடி வெச்சிட்டேன் பாய். இன்னும் வரலன்னா நான் தொடாத எடம். வேற யாருனா கை வெச்சாங்களா?"

யாருமில்லை என்று சொல்லப் போன ஆபித் பாஷா அப்படியே நின்றுவிட்டார். வேறு யாருமில்லை, அவர்தான். வண்டியை எடுத்து வந்த அன்று மூன்றாவது கியரில் மட்டும் லேசாய் ஒரு கடகடப்பு மிச்சமிருந்தது. ஆம்பூர்த் தோல்காரர் அதற்கு மெக்கானிக்கைத் தேடிப் போவாரா? மேஜை ஆடினால் ஒரு தோல் துண்டு, ஜன்னல் அடித்தால் ஒரு தோல் துண்டு, அவர் வீட்டில் எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து. ஷெட்டிலேயே உசத்தியான தோலில் ஒரு துண்டை வெட்டி மடித்து, கியர் கம்பியின் அடியில் திணித்துவிட்டார். இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று யாரிடமும் சொல்லவில்லை.

"நான்தான் வெச்சேன், கோதண்டம்," என்று வண்டிக்குள் மண்டியிட்டு, கியர் உறையைக் கிழித்து, தோலைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தார்.

மேம்பாலத்தில் மூன்றாவது கியர் கடகடவென்று கத்தியது. இஃப்ரா தலையாட்டவில்லை, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மடியில் போன் பதிந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ஒவைஸின் காதோரம் போனை வைத்தார் ஆபித் பாஷா. வண்டி கிளம்பியது, உறுமியது, முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. பிறகு கடகடத்தது. மகனின் முகத்தையே பார்த்தார். கண் இமை கூட அசையவில்லை. போனை எடுக்கப் போனார்.

இஃப்ரா அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். பார்வை கட்டிலின் கால்மாட்டில் இருந்தது. போர்வைக்குள் ஒவைஸின் இடது கால் மெல்ல அழுந்தி, நின்று, தளர்ந்தது.

ஆபித் பாஷா மறுபடி முதலிலிருந்து போட்டார். உறுமலுக்கு அசைவில்லை, முதல் கியருக்கு இல்லை, இரண்டாவதுக்கு இல்லை. கடகடப்பு வந்ததும் இடது கால் மறுபடி கிளட்ச்சை மிதித்தது.

ஆபித் பாஷா அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். தகர டப்பா மகனின் காதோரம் கத்திக்கொண்டே இருந்தது.